தட்டை அடியும் குத்தலையும்: வாத்து வேட்டைக்கான அலுமினியப் படகு

அமெரிக்காவில் ஜான் படகு எனப்படும் தட்டை அடி அலுமினியப் படகை வாங்கச் செல்பவர் முதலில் காண்பது 1436, 1542, 1648, 1860 போன்ற நான்கு இலக்க எண்களைத்தான். முதல் இரண்டு இலக்கங்கள் படகின் நீளத்தை அடியிலும், அடுத்த இரண்டும் அடித்தட்டின் அகலத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன. ஆக, 1648 என்பது 16 அடி நீளமும் 48 அங்குல அடித்தட்டும் கொண்ட படகு. அசையாத சதுப்பு நீரில் வேட்டையாடுபவருக்கு இந்த எண் ஏறக்குறையப் போதும். மிச்சிகனின் செயின்ட் கிளேர் ஏரியிலோ, ஈரி ஏரியின் மேற்குப் பகுதியிலோ, செசபீக் விரிகுடாவிலோ நவம்பர் காற்றில் இறங்க நினைப்பவருக்கு அந்த எண் சொல்லாமல் விடும் செய்திகளே முக்கியம்: பக்கச்சுவரின் உயரம், மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரம், மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையின் வடிவம்.

அலையடிக்கும் திறந்த நீருக்குச் சின்னப் படகில் ஏன் செல்ல வேண்டும் என்ற கேள்விக்கு விடை வாத்துகளின் இரைப்பையில் இருக்கிறது. மல்லார்டு போன்ற வாத்துகள் ஆழமற்ற ஓரங்களில் தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேய்கின்றன. கான்வாஸ்பேக், ரெட்ஹெட், ஸ்காப் போன்றவை முழுவதுமாக முக்குளித்து, அடியிலுள்ள கிழங்குகளையும் சிப்பிகளையும் உண்கின்றன. ஆகவே அவை கரையை விட்டு விலகி, திறந்த நீரில் பெருங்கூட்டமாகத் தங்குகின்றன. கான்வாஸ்பேக் விரும்பித் தின்பது வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியின் கிழங்கு. நம் ஊர்த் தாவரவியல் பாடத்தில் நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டாக வரும் அதே பேரினம்தான். அப்பறவையின் அறிவியல் பெயரிலேயே அந்தச் செடியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காட்டு வாத்துகளைச் சுட முடியாது; அமெரிக்காவில் அது உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றோடு அனுமதிக்கப்பட்ட பழைய வழக்கம். அதன் நியாயத்தை விவாதிக்க இங்கே இடமில்லை. அந்த வேட்டைக்காரரை மிதக்கவைக்கும் இயற்பியல்தான் நம் பொருள்.

கொந்தளிப்பான நீர் என்றதும் ஆழ்கடலின் மலைபோன்ற அலைகளை நினைத்துக்கொள்வது இயல்பு. சின்னப் படகுக்கு அதைவிடத் தொல்லை தருவது ஆழமற்ற ஏரியின் குத்தலை, அதாவது நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும் குட்டை அலை. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி நீரின்மேல் ஓடும் தூரம் ஆகிய மூன்றுமே அலையின் உயரத்தை முதன்மையாக முடிவு செய்கின்றன. செயின்ட் கிளேர் ஏரியில் காற்று சுமார் 40 கி.மீ. தடையின்றி ஓடலாம், ஆனால் அதன் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3.5 மீட்டர்தான். அலையின் நீளத்தோடு ஒப்பிட ஆழம் குறைவாக இருக்கும்போது அலை மெதுவாகிறது, அதன் நீளம் சுருங்குகிறது. 3 வினாடிக்கு ஒருமுறை வரும் அலை ஆழமான நீரில் சுமார் 14 மீட்டர் நீளம் கொண்டது. 2 மீட்டர் ஆழத்தில் அதுவே சுமார் 11 மீட்டராகிறது. காற்று இப்போதுதான் எழுந்திருக்கிறது என்றால், 2 வினாடி இடைவெளியில் வரும் அலையின் நீளம் வெறும் 6 மீட்டர். 16 அடிப் படகின் நீளம் 4.9 மீட்டர் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னால் உள்ள அலையின் முதுகிலிருந்து படகு இறங்கி முடிப்பதற்குள் அடுத்த அலை அணியத்தில் ஏறிவிடுகிறது. அரை மீட்டர் உயரமுள்ள அலைகூட இந்த நெருக்கத்தில் சுவர்போல நிற்கும்.

இப்போது படகின் பக்கம் வருவோம். மிதக்கும் பொருள் சாயும்போது, நீருக்குள் இருக்கும் அதன் பகுதி வடிவம் மாறி, மிதப்பு விசையின் மையம் சாய்ந்த பக்கம் நகர்கிறது. அந்த நகர்வே படகை மீண்டும் நிமிர்த்துகிறது. இந்த நிமிர்த்தும் வலிமை அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதுதான் ஜான் படகின் முழு இரகசியம். அடி அகலம் 36 அங்குலத்திலிருந்து 48 அங்குலமானால், நீளமும் சுமையும் அதேயாக இருக்கையில், அகலத்தால் வரும் பங்கு ஏறக்குறைய 2.4 மடங்காகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெற்றுப் படகு 200 கிலோ, மோட்டார் 100, ஈர உடையோடு மூவர் 285, நாய் 35, வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் போலி வாத்துகளும் அவற்றை நிலைநிறுத்தும் ஈயக்குண்டுகளும் 50, எரிபொருளும் மின்கலமும் 50. ஆக 720 கிலோ. நீரில் படியும் அடித்தட்டு 4.2 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் கொண்டதெனில், படகு சுமார் 14 செ.மீ. மூழ்கும். மூவரும் அமர்ந்திருக்கும்போது சாய்வைத் தாங்கும் இருப்பு தாராளமாகவே இருக்கிறது. வாத்துக் கூட்டம் வந்ததும் இருவர் எழுந்து நின்றால், ஈர்ப்பு மையம் சுமார் 12 செ.மீ. உயர்ந்துவிடும், அவர்கள் இருவருமே வலப்பக்கம் 40 செ.மீ. நகர்ந்தால் 740 நியூட்டன்-மீட்டர் அளவுக்குத் திருப்புவிசை அந்தப் பக்கம் விழும்.

துப்பாக்கியின் பின்னுதைப்புதான் படகைக் கவிழ்க்கும் என்று பலர் நம்புகின்றனர். சுமார் 35 கிராம் குண்டுகள் வினாடிக்கு 425 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, வாயுவின் பங்கையும் சேர்த்தால்கூட, 720 கிலோ படகுக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு இரண்டு அல்லது மூன்று செ.மீ. மட்டுமே. கவிழ்ப்பது துப்பாக்கி அல்ல; ஒரே பறவையை நோக்கி ஒரே நேரத்தில் எழும் மனிதர்கள்.

அகலம் தரும் இந்த நன்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தண்ணீரில் ஒரு தாம்பாளத்தையும், பாதி நீர் நிறைத்த சொம்பு ஒன்றையும் மிதக்கவிட்டுப் பார்த்தால் விளங்கும். தாம்பாளம் நீர்மட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நீர் சாய்ந்தால் அதுவும் சாய்கிறது. சொம்பு நீரின் சாய்வைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் ஆடி ஆடி நிற்கிறது. அகன்ற தட்டை அடியுள்ள படகு தாம்பாளத்தின் இனம். அசையாத குளத்தில் தரைபோல உறுதியாகத் தோன்றும் அது, பக்கவாட்டில் அலை வரும்போது அலையின் சரிவையே தன் தரையாக எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பவரைச் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. எனவே அகலமான படகை வாங்குவது சரியான முடிவே; ஆனால் கடைக்காரர் நிறுத்திவைத்த படகின் ஓரத்தில் ஏறி நின்று, பாருங்கள், அசையவில்லை என்று காட்டுவது திறந்த நீருக்குச் சான்றாகாது.

நேர் எதிரே வரும் அலையில் பிரச்சினை வேறு. அலைமுதுகிலிருந்து அரை மீட்டர் கீழே விழும் அணியம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறது. கடல்விமானங்களின் மிதவைகள் நீரில் இறங்கும்போது தாங்க வேண்டிய அடியைக் கணக்கிட தியோடர் வான் கார்மன் 1929-இலும், ஹெர்பர்ட் வாக்னர் 1932-இலும் வகுத்த கோட்பாடுகள் இங்கே அப்படியே பொருந்துகின்றன. ஆப்பு வடிவ அடியின் இரு பக்கங்களும் கிடைமட்டத்தோடு எந்தக் கோணத்தில் எழுகின்றன என்பதைப் பொறுத்து உச்ச அழுத்தம் மாறுகிறது. வாக்னரின் கணக்கின்படி, அந்தக் கோணத்தை 20 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குறைத்தால் உச்ச அழுத்தம் நான்கு மடங்குக்கும் மேலாகிறது. முழுத் தட்டைக்குச் சூத்திரம் முடிவிலியையே காட்டும். அடியில் சிக்கும் காற்றும் தகட்டின் வளைவும்தான் நம் முதுகெலும்பைக் காப்பாற்றுகின்றன. இதனால்தான் சதுர மூக்குடைய ஜான் படகைவிட, அணியத்தில் V வடிவமும் பின்னால் போகப்போகத் தட்டையுமான அடியைக் கொண்ட படகு அலை நீருக்குத் தகுந்தது. பின்பகுதியிலும் ஆழமான V வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் படகு கூடுதல் ஆழத்தில் மூழ்கும், நாணல் ஓரத்துக்குள் நுழையாது, நின்ற நிலையில் உருளும். வேட்டைக்காரர் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி மோட்டாரை முழுவதும் நிறுத்தி, அது தந்த ஓட்டமும் நின்ற பிறகே சுட முடியும் என்பதால், நின்ற நிலையின் உறுதியை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விளம்பரங்கள் அதிகம் பேசாத, உயிர்களோடு நேராகத் தொடர்புடைய அளவு ஒன்று உண்டு: நீர்மட்டத்துக்கு மேல் மிஞ்சி நிற்கும் உயரம். பின்பலகையில் மோட்டார் மாட்ட வெட்டிய இடத்தின் உயரம் பழைய, சிறிய படகுகளில் 15 அங்குலமும், மற்றவற்றில் 20 அங்குலமும் இருக்கும். மோட்டார், எரிபொருள் தொட்டி, மின்கலம், ஓட்டுநர் என எல்லாச் சுமையும் பின்னால் குவிந்தால், அங்கே படகு 20 செ.மீ. மூழ்குவது எளிது. 15 அங்குலப் பலகையில் அப்போது மிஞ்சுவது 18 செ.மீ.; 20 அங்குலத்தில் 31 செ.மீ. வேகமாக வந்த படகைத் திடீரென நிறுத்தினால், பின்தொடர்ந்து வரும் அதன் சொந்த அலையே 18 செ.மீ. உயரத்தைத் தாண்டி உள்ளே விழும். உள்ளே 5 செ.மீ. நீர் நின்றாலே அது சுமார் 250 லிட்டர், அதாவது கேட்காமல் ஏறிய மூன்று பயணிகளின் எடை. அவர்கள் எப்போதும் படகு சாயும் பக்கமே ஓடுவார்கள். ஆகவே 20 அங்குலப் பலகை, 20 அங்குலத்துக்கும் குறையாத பக்கச்சுவர், தொட்டியையும் மின்கலத்தையும் முன்னால் நகர்த்தும் வசதி ஆகிய மூன்றையும், அரை மில்லிமீட்டர் கூடுதல் தகட்டைவிட முன்னுரிமையாகக் கேட்பேன். நங்கூரமும் அணியத்திலிருந்தே விழ வேண்டும். பின்னால் கட்டினால், தாழ்ந்த பலகையை அலைக்கு நேராக நிறுத்தியதாகிவிடும்.

படகைச் சுற்றிப் புல் வேய்ந்து அமைக்கும் மறைப்பும் கணக்கில் வர வேண்டும். 60 செ.மீ. உயரமும் 4.5 மீட்டர் நீளமும் உள்ள அந்தச் சுவரில், மணிக்கு 43 கி.மீ. காற்று பக்கவாட்டில் மோதினால், சுமார் 28 கிலோ எடைக்கு நிகரான விசை படகை இடைவிடாது தள்ளும். ஓடும்போது மடித்துவைக்க முடியாத மறைப்பு அலை நீருக்கு உதவாது.

இனி உலோகம். எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்துக்கு உண்டு; அதன் விறைப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைவு. ஆனால் தகடு வளைவதை எதிர்க்கும் திறன் தடிமனின் மும்மடியாகக் கூடுவதால், ஒரே எடையில் எஃகைவிடத் தடித்த அலுமினியத் தகடு எட்டு மடங்கு விறைப்பாக நிற்கிறது. இப்படகுகளில் வழக்கமாகப் பயன்படுவது 5052 என்ற, சுமார் 2.5 சதவீத மக்னீசியம் கலந்த உலோகம். தகட்டின் தடிமன் 0.080, 0.100, 0.125 அங்குலம் எனக் கிடைக்கும், 0.100-இலிருந்து 0.125-க்குப் போனால் எடை கால் பங்கு கூடும், விறைப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். அந்தக் கூடுதல் தடிமன் மரக்கட்டைகளுக்கும் பனிக்கட்டி விளிம்புகளுக்கும் எதிராகப் பயன்படும். கடுங்குளிரில் அலுமினியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: சாதாரண எஃகு சில்லிட்டால் நொறுங்கும் தன்மை பெறும், அலுமினியத்தின் படிக அமைப்போ அதற்கு இடம் தருவதில்லை. அதன் எதிரி செம்பு. பதப்படுத்திய ஒட்டுப்பலகையை வாங்கி அடித்தட்டின்மேல் தளமாகப் பதிப்பவர்கள், அதில் ஊறியிருக்கும் செம்பு உப்பு ஈரத்தின் வழியே தகட்டை மெல்ல அரித்துத் துளையிடும் என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே அறிகின்றனர். உவர்நீரான செசபீக்கில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

நீருக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1940 நவம்பர் 11 சான்று. அமெரிக்க நடு மேற்கில் அன்று காலை இதமாக இருந்த வானிலை சில மணி நேரத்தில் பனிப்புயலாக மாறியது. மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தனர், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாத்து வேட்டைக்காரர்கள். குளிர்நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இராது. பத்து நிமிடம் வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும் என்று மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் சுருக்கிச் சொல்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் பற்றிக்கொள்ளப் படகு மட்டமாக மிதக்க வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி, 20 அடிக்குக் குறைந்த இத்தகைய மோட்டார் படகுகளில் நீர் நிறைந்தாலும் சமமாக மிதக்கும் அளவுக்கு மிதப்புப் பொருள் இருக்க வேண்டும். சுமை வரம்பைக் கூறும் தகடும் பதித்திருக்க வேண்டும். அந்தத் தகட்டின் எண் அமைதியான வானிலைக்குரியது. அலை நீருக்கு அதில் மூன்றில் இரு பங்கோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கமான அறிவுரை.

பழைய படகு வாங்குபவர் அளவுநாடாவோடு ஒரு சாக்கட்டியையும் எடுத்துச் செல்லலாம். படகை இழுவண்டியில் வைத்தபடியே வடிகால் அடைப்பைத் திருகி மூடிவிட்டு, தோட்டக் குழாயால் உள்ளே ஒரு சாணுக்கும் குறைவாக நீர் விட்டு, கால்மணி நேரம் கழித்துக் கீழே குனிந்து பார்த்தால், தளர்ந்த ரிவெட்டுகள் ஒவ்வொன்றாகத் துளி விடும். அவற்றைச் சுற்றி வட்டம் போட வேண்டியதுதான். வட்டங்கள் வரிசையாக அணியத்தின் பக்கமே குவிந்திருந்தால், அந்தப் படகு இதுவரை எந்த நீரில் ஓடியது என்று உரிமையாளரைக் கேட்கத் தேவையில்லை.