ராஜினாமா எழுதச் சொன்னால் உடனே எழுதிவிடாதீர்கள்

பக்க வேலை பார்த்ததற்காகவோ, வாட்ஸ்ஆப்பில் மேலதிகாரிகளை விமர்சித்து எழுதியதற்காகவோ எச்.ஆர். கூப்பிடும்போது பெரும்பாலும் பணிநீக்க உத்தரவு தருவதில்லை. "நீங்களே ராஜினாமா எழுதிடுங்க, ரிலீவிங் லெட்டர் கிளீனா தந்துடறோம்" என்பார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-இன்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனக் குற்றச்சாட்டு என்றால் நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்தி, போதிய சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். மேல்முறையீடும் உண்டு. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ராஜினாமா கொடுத்தவரோ, மிரட்டி வாங்கினார்கள் என்பதை முதலில் தானே நிரூபிக்க வேண்டும்.

பக்க வேலை விஷயத்தில், ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவைப் பலர் நம்புகிறார்கள். அது வேலையை விட்ட பிறகு விதிக்கும் தடைக்குத்தான் பெரும்பாலும் உதவும். பணியில் இருக்கும்போது வேறிடத்தில் வேலை செய்யக் கூடாதென்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ததாக விப்ரோ 300 பேரை நீக்கியதை அறிவித்தது 2022-இல். ஒரே யுஏஎன் எண்ணில் (ஊழியரின் பி.எஃப். கணக்குகளை இணைக்கும் எண்) ஒரே மாதம் இரண்டு நிறுவனங்கள் பி.எஃப். கட்டினால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். அலுவலக லேப்டாப்பில் செய்த வேலையும் அப்படித்தான். ஆஃபர் லெட்டரில் தடை இருந்தால், தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். மேனேஜர் வாய்மொழியாகச் சொன்ன "சரி" விசாரணையில் நிற்காது.

வாட்ஸ்ஆப் பதிவுகள் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மேல். மேலதிகாரிகளை விமர்சித்து வாட்ஸ்ஆப் குழுவில் எழுதிய கிராம வங்கி ஊழியருக்குத் தந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-இல் ரத்து செய்தது. மனக்குமுறலைக் கொட்டவும் உரிமை உண்டு என்றது. ஆனால் அது பொதுத்துறை வங்கி. ரிட் மனு பெரும்பாலும் அரசுக்கும் அரசு சார்ந்த அமைப்புகளுக்கும் எதிரானது என்பதால், தனியார் நிறுவன ஊழியர் அதோடு உயர் நீதிமன்றம் போவது கடினம். வாடிக்கையாளர் பெயரோ உள் ஆவணமோ பதிவில் இருந்தால் இந்தத் தீர்ப்பை நம்பாதீர்கள்.

ஷோ காஸ் நோட்டீஸ் (ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதென்று விளக்கம் கேட்கும் கடிதம்) வந்தால், எந்தப் பதிவு, எந்தத் தேதி, எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள்; ஆதாரங்களின் நகலும் பதிலுக்குக் கால அவகாசமும் கேளுங்கள். கோபத்தில் பதிவை அழித்தால் ஆதாரத்தை மறைத்ததாக இன்னொரு குற்றச்சாட்டு சேரும். முழு உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் உங்களிடமும் இருக்கட்டும். வெட்டி ஒட்டிய ஒரு வரியை வைத்துத்தான் பல நோட்டீஸ்கள் எழுதப்படுகின்றன.

ஏற்கெனவே ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? ஏற்றுக்கொண்டதாகப் பதில் வருவதற்குள், அன்றைக்கே, அறையில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதைக் குறிப்பிட்டு, ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாகச் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதி அனுப்புங்கள். அலுவலக மின்னஞ்சல் மறுநாள் திறக்காமல் போகலாம்.