மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

புதிதாக ஓட ஆரம்பிப்பவர்களில் நிறைய பேர் இரண்டு, மூன்று மாதத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். விடாமுயற்சி போதவில்லை என்று ஊர் சொல்லும். எனக்கென்னவோ அவர்களில் பலர் அளவுக்கு மீறி உழைத்தவர்கள் என்றே தோன்றுகிறது.

உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. ஓட ஆரம்பித்த ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது, அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுகிறது, மூச்சு வாங்குவதும் குறைகிறது. அடுத்து தசை. 1967-இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை 12 வாரம் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தபோது, தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. ஆனால் பயிற்சியை நிறுத்தினால் ஓரிரு வாரத்திலேயே இந்த வளர்ச்சி கரையத் தொடங்கிவிடும். ஒரு நாள் வெறித்தனமாக ஓடி ஒரு வாரம் படுத்துக்கிடப்பதைவிட தினமும் கொஞ்சம் ஓடுவது மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்பு விஷயம் வேறு. தொடர்ந்து அடி விழும் இடத்தில், உடம்பு முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கிறது, அதற்கென்றே செல்கள் இருக்கின்றன, இதற்குச் சில வாரம் ஆகும். அப்புறம்தான் வேறு செல்கள் வந்து அந்தக் குழியில் புது எலும்பைப் பூசுகின்றன, அது கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஆக, இடைப்பட்ட காலத்தில் அந்த எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும், மூச்சோ அதற்குள் நன்றாகத் தேறியிருக்கும். இன்னும் ஓடலாம் என்று நெஞ்சு சொல்கிற நாளில்தான் கீழ்க்காலின் முன்எலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிகால் நாணும் இப்படித்தான், இரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் உறுதிப்படும்.

அவசரப்படாமல் ஓடுவதற்கு உதாரணம், கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே. அவர் 2003-இல் 18 வயதில் பாரிஸில் 5,000 மீட்டர் உலகப் பட்டம் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மாரத்தானுக்கு மாறினார். 2022-இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி, தன்னுடைய உலக சாதனையைத் தானே முறியடித்தபோது அவருக்கு வயது 37. இடையில் பயிற்சியாளரை மாற்றவில்லை, பாட்ரிக் சாங்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கென்யாவின் கப்டகட்டில் அந்தக் காலத்தில் வாரம் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடிவந்தார். அதில் பெரும்பகுதி அவருக்கு நிதானமான ஓட்டம். முழு மூச்சாக ஓடும் நாட்கள் சொற்பம்தான். மறுநாளும் ஓட முடிகிற அளவுக்கு இன்று ஓடுவதற்கு ரொம்பவே மன உறுதி வேண்டும், அதை நாம் உழைப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஓடுபவர்களுக்கு ஒன்று. கால் வலித்தால் முன்எலும்பை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி பரவலாக இருந்தால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். ஒரே புள்ளியில் சுரீர் என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலும் போகும், எம்ஆர்ஐயில் தெரியும்.