அந்தப் பையனைக் கைகழுவும் முன் கணுக்காலைப் பாருங்கள்

அடிபட்டதைச் சொல்லாமல் ஆடி, அணி கைவிட்ட பிறகு என்னிடம் வருகிறவர்களில் இந்த சீசனில் இவன் நான்காவது பையன். முதல் மூன்று பேர் வந்தபோது மனதுக்குள் புலம்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். போன வாரம் நான்காமவன் வந்து போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் டல்லாஸ் புறநகர் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பகுதி ஃபுட்பால் ஆடும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். ஃபுட்பால் என்றால் இங்கே ஹெல்மெட், பேட் எல்லாம் போட்டுக்கொண்டு கையில் பந்தோடு முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் பந்தை எறிகிறவரை எதிரணி ஆட்கள் அவன்மேல் பாயாமல் தடுத்து நிற்கிற ஐந்து பேர் இருக்கிறார்கள்: நடுவில் சென்டர், அவனுக்கு இரு பக்கமும் கார்டு, இரு ஓரங்களிலும் டேக்கிள். லைன்மேன் என்று நான் சொல்வது இந்த ஐவரைத்தான். ஒவ்வொரு தடவையும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதைத் தவிர, பந்தை இவர்கள் தொடுவதே அபூர்வம். தப்பு செய்தால் மட்டும்தான் இவர்களுடைய பெயர் ஒலிபெருக்கியில் வரும்.

வந்த பையனுக்கு 16 வயது. ஆறடி மூன்றங்குல உயரம், 118 கிலோ எடை. பள்ளியின் இரண்டாம் நிலை அணியில் லெஃப்ட் டேக்கிள். அக்டோபரில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சீசன் முடிந்ததும் கோச் கூப்பிட்டு, "உனக்குக் கால் நகரவில்லை, அடுத்த வருஷம் குண்டு எறிதல் பக்கம் போய்ப் பார்" என்று சொல்லிவிட்டாராம். முழங்கால் வலி என்று அப்பா அழைத்து வந்திருந்தார்.

முழங்காலில் ஒன்றும் இல்லை. கணுக்காலைப் பார்த்தேன். சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்வோம். கால் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி வரை தொட முடிகிறது என்று அளப்போம். இடது காலில் 10 வந்தது. வலது காலில் 3.

"எப்போ அடிபட்டது?" என்று கேட்டேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "செப்டம்பர்ல அங்கிள். பின்னாலிருந்து ஒருத்தன் கால் மேல விழுந்தான். சொன்னா என் எடத்த வேற யாருக்காவது குடுத்துடுவாங்கன்னு டேப் ஒட்டிட்டு ஆடினேன்."

லெஃப்ட் டேக்கிள் பின்னால் நகர்வதே வலது காலால் தரையை உந்தித்தான். உந்துகிற கணுக்கால் மடங்காவிட்டால் எப்படி நகர்வான்? வீடியோவில் கோச் பார்த்தது உண்மைதான், கால் நகரவில்லை. ஆனால் ஏன் நகரவில்லை என்று அந்த அணியில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு முழு சீசன்.

அப்பாவுடைய கேள்வி வேறு. "இவ்வளவு உடம்பு இருக்கு சார், ஒரு வருஷம் ஆடியும் ஒண்ணும் தெரியலையே. அப்போ இவனுக்கு இது வராதுன்னுதானே அர்த்தம்?"

இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிய எரிச்சல். அப்பா கேட்டதில் தப்பில்லை. கோச்சுகளும் இதையே நினைக்கிறார்கள், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் அணிகளை நடத்துகிறவர்களில் சிலரும் இதையே நினைக்கிறார்கள். பெரிய உடம்பு, தள்ளுமுள்ளு வேலை, திறமை இருந்தால் முதல் வருஷமே தெரிந்துவிடும், தெரியாவிட்டால் இல்லை என்று. முழுக்க முழுக்கத் தவறு.

கபடி ஆடியவர்களுக்கு ஒன்று புரியும். ஓரத்தில் நிற்கும் கார்னர் பிடிகாரன் எப்போது நல்ல ஆட்டக்காரன் ஆகிறான்? பாடி வருகிறவன் மேல் பாயாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பிறகு. இளம் பையன் எல்லாவற்றுக்கும் பாய்வான், ஏமாறுவான். எத்தனையோ ஆட்டம் ஏமாந்த பிறகுதான் கால் பொறுமை கற்கும். டேக்கிளின் வேலை அதைவிடக் கடினம். எதிரே 120 கிலோ ஆள் முழு வேகத்தில் ஓடி வருகிறான். இவன் அவனைப் பார்த்தபடியே பின்னால் நகர வேண்டும். இடுப்பு தாழ்ந்தே இருக்க வேண்டும். கையைச் சீக்கிரம் நீட்டினால் தட்டிவிடுவான், தாமதமாக நீட்டினால் நெஞ்சில் ஏறிவிடுவான். நடுவில் எதிரணியின் இரண்டு பேர் பாதை மாற்றிக்கொண்டால், பக்கத்திலிருக்கும் கார்டும் இவனும் அரை விநாடிக்குள் ஆளைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். மனிதன் பிறந்ததிலிருந்து முன்னால்தான் ஓடிப் பழகியிருக்கிறான். பின்னால் போய்க்கொண்டே சண்டை போடுவது எந்த உடம்புக்கும் இயல்பாக வராது, பெரிய உடம்புக்கும்தான்.

அந்த உடம்பும் இன்னும் முடிந்த உடம்பு கிடையாது. 16 வயதில் எடை வந்துவிடும். இடுப்பும் நடுவுடலும் அந்த எடையைக் கட்டி ஆளும் பலம் இருபதுகளின் நடுப்பகுதி வரை கூடிக்கொண்டே போகும். தசை சீக்கிரம் வளரும், தசைநாண் மெதுவாகத்தான் பழகும். இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடமே, "அடுத்த சீசனுக்குள் இன்னும் 10 கிலோ ஏற்றலாமா?" என்று கேட்பார்கள்.

தொழில்முறை அணிகளைப் பாருங்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் டிராஃப்டில், டென்வர் பிராங்கோஸ் 2017-இல் முதல் சுற்றில் 20-வது ஆளாக கேரட் போல்ஸை எடுத்தது. மூன்று சீசன் முழுக்க ஆளைப் பிடித்து இழுத்ததற்காகப் பெனால்டி மேல் பெனால்டி. சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். முதல் சுற்றில் எடுத்த ஆளை ஐந்தாவது ஆண்டுக்கும் வைத்துக்கொள்வதா என்று மூன்றாவது சீசன் முடிந்ததுமே அணி முடிவு செய்ய வேண்டும். 2020 மே மாதம் டென்வர் வேண்டாம் என்றது. அந்த சீசன் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, அதே ஆண்டு நவம்பரில் அதே அணி நான்கு ஆண்டுக்கு 6.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த சீசன் முடிந்தபோது லீகின் சிறந்தவர்களுக்கான ஆல்-ப்ரோ இரண்டாம் அணியில் இருந்தார். நடுவில் நடந்தது என்ன? 2019-இல் மைக் மன்சாக் லைன் கோச்சாக வந்தார். தானே கார்டாக ஆடி, ஆட்டத்தின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். அப்பேர்ப்பட்ட ஆசானிடமே பலன் தெரிய இரண்டாவது சீசன் ஆயிற்று.

எரிக் ஃபிளவர்ஸை நியூயார்க் ஜயன்ட்ஸ் 2015-இல் 9-வது ஆளாக எடுத்தது. டேக்கிளாகத் தடுமாறினார், 2018 அக்டோபரில் விடுவித்தார்கள். அடுத்த ஆண்டு வாஷிங்டனில் ஓரத்திலிருந்து ஓர் இடம் உள்ளே தள்ளி லெஃப்ட் கார்டாக நிறுத்தினார்கள். நிலைத்துவிட்டார். அதற்கடுத்த ஆண்டு மயாமி அவரோடு மூன்று ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. மெக்காய் பெக்டன் கதையும் இதே வழிதான், ஆனால் எனக்கு அதில் கூடுதல் வருத்தம், ஏனென்றால் அது முழங்கால் கதை. ஜெட்ஸ் 2020-இல் 11-வது ஆளாக எடுத்தது. முதல் ஆண்டு நம்பிக்கை தந்தார். 2021-இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று, 2022 பயிற்சி முகாமில் மறுபடி அதே முழங்கால். எடையைப் பற்றிய பேச்சுதான் ஊரெல்லாம். 2024-இல் ஃபிலடெல்ஃபியா குறைந்த சம்பளத்தில் எடுத்து, லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்டிடம் ஒப்படைத்து, ரைட் கார்டாக நிறுத்தியது. அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கன்சஸ் சிட்டியை 40-22 என்று வென்ற அணியில் அவர் இருந்தார்.

அதே லைனின் இடது ஓரத்தில் நின்றவர் ஜோர்டன் மைலாடா. சிட்னியில் ரக்பி லீக் ஆடியவர். 2018 டிராஃப்டில் ஏழாம் சுற்றில் 233-வது ஆளாக எடுக்கும்வரை அமெரிக்க ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல் இரண்டு சீசனும் களமிறங்கவில்லை, கற்றுக்கொண்டிருந்தார். இன்று லீகின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவர். ஆட்டமே தெரியாத ஒருவருக்கு இரண்டு ஆண்டு பொறுக்க முடிகிறது. முதல் சுற்றில் எடுத்தவருக்கு அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. அவரை முதல் நாளே களத்தில் இறக்கி, முதல் மாதமே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

எல்லாரும் தேறிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ரெய்டர்ஸ் 2021-இல் 17-வது ஆளாக எடுத்த அலெக்ஸ் லெதர்வுட்டை ஒரே சீசனில் விடுவித்தது. பிறகு போன இடங்களிலும் அவர் நிலைக்கவில்லை. "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதான்" என்பார்கள். முதல் சீசனிலேயே டேக்கிளிலிருந்து கார்டுக்கு மாற்றினார்கள், அடுத்த ஆண்டு நிர்வாகமும் கோச்சும் மாறிவிட்டார்கள். அந்த நிலையில் அவரிடம் உண்மையில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011-இல் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, சீசன் முழுக்க பேட் போட்டுக்கொண்டு செய்யும் பயிற்சி 14 தடவைதான். உடம்பைக் காக்கும் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன், பழையபடி அடித்துக்கொண்டு கிடக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர்கள் பேட் இல்லாமலும் ஓடி, எறிந்து பழகலாம். லைன்மேன் மோதித்தான் பழக முடியும். கற்கும் நேரத்தைக் குறைத்தால் தீர்ப்புச் சொல்லும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும். பயிற்சியும் குறைந்தது, பொறுமையும் குறைந்தது.

என்எஃப்எல் ஆட்களிடமாவது பணமும் மருத்துவக் குழுவும் இருக்கின்றன. என் கவலை பள்ளிப் பிள்ளைகள். சீக்கிரம் கைவிட்டுவிடுவார்கள் என்று தெரிந்த பையன் வலியைச் சொல்ல மாட்டான். சொல்லாததால் ஆட்டம் கெடும். ஆட்டம் கெட்டதால் கைவிடுவார்கள். என்னிடம் வந்த நாலு பேரும் இப்படித்தான் வந்தார்கள்.

கோச்சுகளே, ஒரு பையனின் கால் திடீரென்று மந்தமானால் முதலில் அவனை, காயங்களைப் பார்க்கும் அத்லெடிக் டிரெய்னரின் அறைக்கு அனுப்புங்கள். கணுக்காலுக்கு மேலே, இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் தசைநார் கிழிந்திருந்தால் வீக்கம் அதிகம் தெரியாது, நடக்கக்கூட நடப்பான். சாதாரணச் சுளுக்கைவிட ஆற மிக அதிக நாளாகும். அதன் மேல் டேப் ஒட்டி ஆட விடுவது வைத்தியம் ஆகாது. ஒரு சாக் விழுந்ததும், அதாவது குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன்பே எதிரணி அவனை வீழ்த்தியதும், பழியை அருகில் நின்றவன் தலையில் போடாதீர்கள். குவார்ட்டர்பேக் பந்தை எத்தனை விநாடி வைத்திருந்தான் என்று எண்ணுங்கள். டேக்கிளாக முடியாதவனைக் கார்டாக நிறுத்திப் பாருங்கள், குண்டு எறிதல் அப்புறம்.

இது கெஞ்சல்: பின்தங்குகிறவனைத் தண்டனையாக ஓட விடாதீர்கள். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் பெரிய உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும். மின்னசோட்டா வைக்கிங்ஸ் டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர் 2001 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வெப்பத்தாக்கத்தில் இறந்தார், வயது 27. மேரிலாந்து பல்கலைக்கழக லைன்மேன் ஜோர்டன் மெக்நெயர் 2018 மே மாதம் 110 கெஜ ஓட்டங்களில் சரிந்து விழுந்தார், இரண்டு வாரத்தில் இறந்தார், வயது 19. அவரைக் குளிர்ந்த நீரில் இறக்கவே இல்லை. பல்கலைக்கழகம் பின்னர் அதற்குப் பொறுப்பேற்றது. மைதானத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் பயிற்சி தொடங்கக் கூடாது. சரிந்தவனை முதலில் தொட்டியில் இறக்குங்கள், உடல் குளிர்ந்த பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். நேரமாகிறது என்று மாற்றிச் செய்யாதீர்கள்.

பெற்றோரே, வாரத்துக்கு ஒரு தடவை பையனைச் சுவரோரம் நிறுத்தி நான் மேலே சொன்ன மாதிரி முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் காட்ட வாருங்கள். எடை ஏற்றுகிற பொடிகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். "எப்படி ஆடினே?" என்று கேட்கும் முன் "எங்கேயாவது வலிக்குதா?" என்று கேளுங்கள். அம்மா கேட்டால் சொல்வான், என் அனுபவத்தில் அப்பா கேட்டால் சொல்ல மாட்டான்.

நான்காமவன் வாரம் இரண்டு நாள் வருகிறான். நேற்று வலது காலில் 5 சென்டிமீட்டர். வசந்தகாலப் பயிற்சிக்குள் 8 ஆக்கிவிட வேண்டும். வேறு பள்ளியில் லைன் கோச்சாக இருக்கும் நண்பர் ஒருவர், சனிக்கிழமை காலைகளில் கால் நகர்வு சொல்லித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பையனுடைய கோச்சுக்கு அளவுகளோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, வியாழக்கிழமை நேரில் போகிறேன்.