பக்கத்து நிலத்தில் உயரக் கட்டடமா? காற்றைப் பற்றியும் ஆட்சேபம் எழுதலாம்

ஜொகூரின் குலாய், செனாய் வட்டாரத்தில் தோட்டங்கள் தாமான்களாகவும் (வீடமைப்புப் பகுதிகளாகவும்) தொழிற்பேட்டைகளாகவும் மாறியதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நேரத்தில் பேசுவதற்குச் சட்டம் கொடுத்த உரிமை, பல வீடுகளில் மின்சார பில்லோடு சேர்ந்து இழுப்பறையில் கிடக்கிறது. ஊராட்சி மன்றத்திலிருந்து வரும் கடிதத்தில் 'கெபெனாரான் மெராஞ்சாங்' (மேம்பாட்டு அனுமதி) என்று இருந்தால் உடனே எடுத்துப் படியுங்கள். ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான் அவகாசம்.

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172), பிரிவு 21(6)-இல் இது இருக்கிறது. உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தில் என்ன, எத்தனை மாடி கட்டலாம் என்று வகுக்கும் திட்டம்) இல்லாத இடத்தில் ஒருவர் மேம்பாட்டு அனுமதி கேட்டால், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அண்டை நிலம் என்றால் எல்லை ஒட்டிய நிலம். நடுவில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ இருந்தாலும் அண்டை நிலம்தான். முட்டுச்சந்தில் ஒரே பாதையைப் பயன்படுத்துவோருக்கு 200 மீட்டர் வரை கணக்கு.

ஆட்சேபம் என்றதும் நெரிசல், வடிகால், சத்தம் என்று எழுதுவோம். காற்றை யாரும் எழுதுவதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். உயரே போகப் போகக் காற்றின் வேகம் கூடும். அகன்ற சுவரில் மோதும் அந்தக் காற்றில் ஒரு பங்கு சுவரோடு கீழே இறங்கி, மூலையைச் சுற்றும்போது இன்னும் வேகமெடுக்கும். அடுக்குமாடி மூலையில் குடை திரும்பிக்கொள்வதும், பிளாஸ்டிக் பைகள் ஒரே இடத்தில் வட்டமடிப்பதும் இதனால்தான். பிரிட்டனின் லீட்ஸ் நகரில் 32 மாடிக் கட்டடம் ஒன்றின் அருகே 2011இல் காற்றில் லாரி கவிழ்ந்து, நடந்துபோன ஒருவர் இறந்தார். நம் நாட்டில் பெரும்பாலும் மெல்லிய காற்றுதான். ஆனால் விடியற்காலையில் வரும் 'சுமத்ரா' புயற்காற்று, வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் நேரத்திலும் அடிக்கலாம்.

"எங்கள் கட்டடம் MS 1553 தரத்துக்கு உட்பட்டது" என்று மேம்பாட்டாளர் சொல்லலாம். அது கட்டடம் காற்றைத் தாங்குமா என்பதற்கான தரம். கீழே நடப்பவர் தாங்குவாரா என்பது வேறு கேள்வி.

அதனால் 'காற்று பலமாக அடிக்கும்' என்று மட்டும் எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "கட்டடத்தின் தெற்கு மூலை தமிழ்ப்பள்ளி வாசலிலிருந்து 30 மீட்டர். காலை 7 மணிக்குப் பிள்ளைகள் அங்கே பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். அந்த இடத்தில் காற்றின் வேகம் எவ்வளவாகும் என்று காற்றுச் சுரங்கச் சோதனை அல்லது கணினி ஆய்வு செய்து காட்ட வேண்டும்." கீழ்த்தளத்தை அகலமாகக் கட்டுவது, வாசலுக்கு மேல் கூரை நீட்டுவது, மரம் நடுவது போன்ற தீர்வுகளையும் கேட்கலாம். நேரில் பேச விரும்புவதாகவும் ஒரு வரி சேருங்கள்.

விமான நிலையத்துக்கு அருகில் என்றால் இன்னொரு வாசலும் உண்டு. கட்டட உயரத்தையும் கிரேன் உயரத்தையும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் பார்க்கிறது. பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை 45 மீட்டர் உயரம்தான் வரம்பு என்பது அனைத்துலக அளவுகோல். ஆனால் உயர வரம்புக்குள் இருக்கும் கட்டடமும் காற்றைக் குலைக்கலாம். அதனால் ஆஸ்திரேலிய வழிகாட்டுதலில் 1:35 என்ற கணக்கு உண்டு: 20 மீட்டர் உயரக் கட்டடம் ஓடுபாதையிலிருந்து 700 மீட்டருக்குள் வந்தால் ஆராய வேண்டும். தரையிறங்கும் விமானத்துக்குக் காற்றின் வேகம் சட்டென்று 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) குறைந்தாலே ஆபத்தாகலாம்.

லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இந்தக் கடிதம் வராது. நிலம் அவர்கள் பேரில் இல்லை. உள்ளூர்த் திட்டம் அமலுக்கு வந்த இடத்தில், உரிமையாளருக்கும் இந்தப் பிரிவின் கீழ் கடிதம் கட்டாயமில்லை. ஆகவே அந்தத் திட்டம் வரைவாக மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் வாரங்களிலேயே போய்ப் பாருங்கள். நம் தெருவுக்கு எத்தனை மாடி என்பது அங்கேதான் முடிவாகிறது. அப்போது ஆட்சேபம் சொல்ல நிலப்பட்டா தேவையில்லை.

மன்றத்தின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக ஒரு மாதம் அவகாசம். 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுத்த அண்டை உரிமையாளருக்குத்தான் அந்த வழி. கடிதத்தை முகப்பில் கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.