சுருட்டுப் பெட்டியில் தண்ணீர் ஊற்றும் முன்

போன ஐப்பசி அடைமழையில் ஒருவர், சுருட்டு காயாமல் ஈரம் காக்கும் பளபளக்கும் மரப்பெட்டியோடு எங்கள் ஹோட்டல் லவுஞ்சுக்கு வந்தார். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கியூபச் சுருட்டுகள், மொத்தம் 25. மூடியைத் திறந்ததும் மழைக்கால ட்ரங்குப் பெட்டி நாற்றம். மேல் வரிசையில் பச்சையும் நீலமுமாகப் பஞ்சு மாதிரிப் பூசணம். ஒன்றை எடுத்துப் பற்றவைக்கும் முனையைப் பார்த்தேன். உள்ளிலை வரை ஏறியிருந்தது.

"வாரம் தவறாம தண்ணி ஊத்தினேனே சார்!"

அதுதான் கெடுத்தது. பெட்டியோடு வரும் கையேடு குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது. அங்கே ஹீட்டர் போட்டால் காற்று எலும்பாகக் காய்ந்துவிடும், ஈரம் சேர்த்தே ஆக வேண்டும். சென்னையில் ஜன்னலைத் திறந்தாலே ஈரப்பதம் 75, 80 என்று நிற்கிறது. சுருட்டுக்கு வேண்டியது 65லிருந்து 70 சதவீதம். நம் ஊர்ச் சூட்டுக்கு நான் 65ஐத் தாண்ட விடுவதில்லை. 75க்கு மேல் போனால் பூசணம் வரக் காத்திருக்கும். 60க்குக் கீழே இறங்கினால் இலையின் எண்ணெய்ப்பசை போய், சரசரவென்று எரிந்து நாக்கைச் சுடும்.

அதைவிட மோசம் ஏற்ற இறக்கம். பகலெல்லாம் ஏசி, ராத்திரி அணைத்துவிடுவோம். ஈரம் ஏறும்போது உள்ளிலை உப்பும், மேலே சுற்றிய மெல்லிய இலைக்கு அவ்வளவு இடம் கொடுக்கத் தெரியாது. நீளவாக்கில் வெடித்துவிடும்.

"பூசணம் இல்ல சார், பழுத்த சுருட்டுல பூக்கிற வெள்ளைப் பூ" என்று சிலர் வாதாடுவார்கள். பஞ்சு மாதிரிப் புசுபுசுவென்று இருந்தால் எனக்கு அது பூசணம்தான். முனைக்குள் ஏறியிருந்தால் குப்பைக்கு. (நல்ல சுருட்டு மட்டும் உடம்புக்கு நல்லதா என்று கேட்காதீர்கள். இல்லை.)

சரி, அவர் பெட்டியில் இருந்த ஈரப்பத மீட்டரின் முள் என்ன காட்டியது? 64. அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. அந்த முள்ளை அன்று ராத்திரியே சோதித்தோம். சோடா மூடியில் சமையல் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈரமணல் பதத்தில் இருக்க வேண்டும். மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டால், எட்டு மணி நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 75ல் நிற்கும். காலையில் முள் காட்டியது 61. பதினாலு குறைச்சல்! அப்படியானால் பெட்டிக்குள் நிஜத்தில் 78. பெட்டியோடு இலவசமாக வரும் முள் மீட்டர்களை நான் அலங்காரமாகத்தான் மதிக்கிறேன். டிஜிட்டல் ஒன்று வாங்கி, அதையும் உப்பில் வைத்துப் பாருங்கள்.

ஈரம் கூடினால் உறிஞ்சி, குறைந்தால் விடும் இருவழிப் பாக்கெட்டுகள் இப்போது கிடைக்கின்றன. 65 என்று அச்சிட்டதைப் போடுங்கள். தண்ணீர்தான் என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், அதுவும் மீட்டர் கேட்டால். பெட்டியின் உட்பலகை 'ஸ்பானிஷ் சீடர்' என்பார்கள். அது ஸ்பெயினும் இல்லை, சீடர் என்னும் தேவதாரு மரமும் இல்லை. நம் வேம்பின் குடும்பம். ஈரத்தைக் குடித்து மெல்ல விடும். அதை வார்னிஷ் பூசி அடைத்துவிடாதீர்கள்.

வெயில் படும் மேற்குச் சுவரோரம் வேண்டாம். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் இலையில் ஒளிந்திருக்கும் முட்டை பொரிந்து புகையிலை வண்டு கிளம்பும். குண்டூசித் துளையும் கீழே மாவு மாதிரித் தூளும் கண்டால், மிச்சத்தை ஜிப் கவரில் கட்டி நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அப்புறம்தான் வெளியே. அவசரப்பட்டால் மேலிலை வெடிக்கும்.

அவருடைய 25ல் 11 தேறியது. பெட்டியைத் துடைத்து ஒரு வாரம் திறந்து காயவைத்தோம். அந்த மீட்டர் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, 61 காட்டிக்கொண்டு.