மிஸ்கன்செப்ஷன்: தவறான கருத்தா, திரிபா?

அறிவியல் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் இந்தச் சொல் காதில் விழாமல் இருக்காது. "வெப்பம் பாடத்துல பசங்களுக்கு மிஸ்கன்செப்ஷன் ஜாஸ்தி சார்" என்பார் ஒருவர். பி.எட்., எம்.எட். ஆய்வேடுகளிலோ தலைப்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். தமிழில் எழுத வேண்டி வந்தால் 'தவறான கருத்து' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். ஆய்வாளர்கள் இந்தச் சொல்லால் குறிப்பதில் பாதியைத்தான் அது பிடிக்கிறது.

தாமிரத்தின் குறியீட்டை 'சிஓ' என்று எழுதினால் அது பிழை. குறியீடே தெரியாமல் விட்டுவிட்டால் அது அறியாமை. இரண்டுக்கும் மருந்து எளிது, சரியானதைச் சொல்லிக் கொடுத்தால் போதும். மிஸ்கன்செப்ஷன் இந்த இரண்டிலும் சேராது. மாணவன் தானாகவே ஒரு விளக்கத்தைக் கட்டி வைத்திருக்கிறான். அன்றாட வாழ்க்கையில் அது அவனுக்குக் கைகொடுக்கிறது. பாடம் நடத்தி, தேர்வு வைத்து, மதிப்பெண்ணும் போட்ட பிறகும் அது அசையாமல் உள்ளே இருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பெயர்.

நீலகிரியில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று கிடக்கும். ஒன்பதாம் வகுப்பில் போய் "இந்த உறைபனி எங்கேருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ராத்திரி மேலேருந்து பெஞ்சது சார்" என்ற பதில் வரும். பையனைக் குறை சொல்ல முடியாது. மழை பெய்கிறது, பனி பெய்கிறது என்று தமிழே அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் உறைபனி மேலிருந்து பெய்வதில்லை. மேகமில்லாத இரவில் புல் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது. மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்து 0 டிகிரிக்குக் கீழே போகிறது. அதைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அங்கேயே படிகமாகப் படிகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பனிக் காலத்தில் தோட்டங்களில் சாயங்காலமே இளஞ்செடிகளைத் தழை போட்டு மூடுவார்கள். மூடிய செடி பிழைக்கிறது, மூடாதது கருகுகிறது. மேலிருந்து விழுந்ததைத் தழை தாங்கிக்கொண்டது என்று பையன் முடிவு கட்டுகிறான். செடியின் வெப்பம் வானத்துக்குப் போகாமல் தழை தடுத்தது என்பதுதான் காரணம். ஆனால் வீட்டில் அவன் பார்த்த வரையில் இரண்டு விளக்கமும் ஒரே பலனைத்தான் காட்டுகின்றன. மரத்தடியில் புல் பச்சையாக இருப்பதும் அப்படியே. ஆண்டுதோறும் கண்ணெதிரே நிரூபணமாகும் ஒரு விளக்கத்தை, கரும்பலகையில் நாலு வரி எழுதி எப்படி விரட்டுவது? அதற்கு அவனுடைய விளக்கம் இடறி விழும் இடத்துக்கு அவனைக் கூட்டிப்போக வேண்டும். மேலிருந்து பெய்வதானால், மேகம் மூடிய இரவில்தானே அதிகம் பெய்ய வேண்டும்? வானம் துல்லியமாக இருக்கும் இரவில்தான் உறைபனி கடுமையாக இருப்பது ஏன்? பிரிட்ஜின் பிரீசரில் பக்கச் சுவரிலும் பனி படிகிறதே, அங்கே எது பெய்தது?

இந்த வேலைக்கு ஆய்வுலகில் 'கருத்து மாற்றம்' என்று பெயர். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போஸ்னரும் மற்ற மூவரும் 1982-இல் இதற்கு நான்கு நிபந்தனைகளை முன்வைத்தார்கள். பழைய விளக்கத்தில் மாணவனுக்கே அதிருப்தி வர வேண்டும். புதியது புரிய வேண்டும். நம்பும்படி இருக்க வேண்டும். மேற்கொண்டு பயன்பட வேண்டும். நம் வகுப்பறைகளில் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு நின்றுவிடுகிறோம் என்பது என் எண்ணம். மேகமூட்ட இரவைப் பற்றிய கேள்வி முதல் நிபந்தனைக்கானது. அதைக் கேட்க ஒரு பாடவேளை போய்விடும் என்று நாமே அதைத் தவிர்த்துவிடுகிறோம்.

இனி ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். 'மிஸ்' என்பது ஜெர்மானிய வழியில் வந்த முன்னொட்டு. தப்பான, கோணலான என்று பொருள். 'கன்செப்ஷன்' லத்தீன் வழி வந்தது. அதன் அடியில் 'காப்பெரே' என்ற வினை இருக்கிறது; பிடித்தல், எடுத்துக்கொள்ளல் என்று பொருள். கருத்தரிப்பதற்கும் கருத்துக் கொள்வதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். இரண்டும் சேர்ந்த 'மிஸ்கன்செப்ஷன்' 17ஆம் நூற்றாண்டிலிருந்து பொதுவழக்கில் இருக்கிறது. அறிவியல் கல்வி ஆய்வில் அது தனித்துறையாக வளர்ந்தது 1970களில்தான். கற்பவர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்பதே கற்றலை மிகுதியாகத் தீர்மானிக்கும் காரணி என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968-இலேயே எழுதியிருந்தார். 1978-இல் ரோசலின்ட் டிரைவரும் ஜாக் ஈஸ்லியும் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்குத் திருப்புமுனை ஆனது. 'தப்பு' என்று முத்திரை குத்தும் சொல் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளிடம் இருப்பது வேறொரு சட்டகம் என்றார்கள். அந்த வழியில் 'ஆல்டர்நேட்டிவ் கன்செப்ஷன்' என்ற பெயரும் புழக்கத்துக்கு வந்தது.

அதை அப்படியே 'மாற்றுக் கருத்து' என்று தமிழில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இது சரிப்படாது. "அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை" என்று தினமும் பேசும் மொழி நம்முடையது. மாற்றுக் கருத்து என்றால் நமக்கு, தெரிந்தே எதிர்நிலை எடுப்பது. உறைபனி பெய்கிறது என்னும் பையன் யாருடைய கருத்துக்கும் எதிராக நிற்கவில்லை. இலங்கையில் கன்செப்ட்டுக்கு 'எண்ணக்கரு' என்ற அழகான சொல் பள்ளி வரைக்கும் ஊறியிருக்கிறது. அதை ஒட்டிப் 'பிழையான எண்ணக்கரு' என்று எழுதினால் 'தவறான கருத்'தைவிட ஒரு படி மேல். எதில் பிழை என்பதாவது தெளிவாகிறது. ஆனாலும் பிழை பிழைதானே? சிவப்பு மை ஞாபகம்தான் வருகிறது.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அது தெரியாமலேயே அதைப் பாதியாக உச்சரித்துக்கொண்டும் இருக்கிறோம். 'ஐயந்திரிபறக் கற்க வேண்டும்' என்று கட்டுரைப் போட்டிகளில் எழுதுகிறோமே, அதன் நடுவில் இருக்கும் 'திரிபு'தான் அது. ஐயம் என்றால் இதுவோ அதுவோ என்று தடுமாறுவது. திரிபு என்றால் தடுமாற்றமே இல்லாமல் ஒன்றை இன்னொன்றாகக் கொள்வது.

இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்த இடம் மணிமேகலை. 27ஆம் காதையில் வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, அதாவது எதைக்கொண்டு ஒன்றை அறிகிறோம் என்று ஆராயும் சமயத்தான், அறிவு எவையெவை என்று சொல்லிவிட்டு, அறிவுபோலத் தோன்றி வழுக்குபவை எட்டு என்று அடுக்குகிறான். அதில் ஒன்று 'திரியக் கோடல்'. "விரிகதிர் இப்பியை வெள்ளி என்று உணர்தல்" என்று உதாரணமும் தருகிறான். மின்னும் சிப்பியை வெள்ளி என்றே எடுத்துக்கொள்வது. எதிரே நிற்பது கட்டையோ ஆளோ என்று மயங்கினால் 'ஐயம்'. ஆராயாமலே கட்டையை ஆள் என்று முடிவு கட்டினால் 'தேராது தெளிதல்'. புலி நெருங்குவதைக் கண்டும் உணராமல் நிற்பது 'கண்டு உணராமை' (முதுமலைப் பக்கம் வாழ்பவர்களுக்கு இந்த உதாரணம் இன்னும் நன்றாகவே புரியும்).

'கோடல்' என்றால் கொள்ளுதல். கொள்கை, கோட்பாடு எல்லாம் அந்தக் 'கொள்' அடியிலிருந்து முளைத்தவை. லத்தீன் 'காப்பெரே'யும் எடுத்துக்கொள்வதுதான். ஆக, கோணலாக எடுத்துக்கொள்வது என்பதே மிஸ்கன்செப்ஷனின் சொற்பொருள் என்றால், திரியக் கோடல் அதன் மொழிபெயர்ப்பே அல்ல. அதற்குப் பல நூற்றாண்டு முந்திப் பிறந்த இணைச்சொல்.

சரி, பழைய இலக்கியத்தில் கிடைத்தது என்பதற்காக ஒரு சொல்லைத் தூக்கி நிறுத்த முடியாது, இன்றைய ஆய்வுக்கு அது வேலை செய்ய வேண்டும். செய்கிறது. ஆஸ்திரேலியாவின் டேவிட் டிரகஸ்ட் 1988-இல் ஈரடுக்கு வினா முறையை விளக்கி எழுதினார். முதல் அடுக்கில் விடை, இரண்டாவதில் அதற்கான காரணம். பின்னால் வந்தவர்கள் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தார்கள்: "இந்த விடையில் உனக்கு எவ்வளவு உறுதி?" ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவது ஏன் என்பதை எடுத்துக்கொள்வோம். "ஊர் குளிர், அதனால் தண்ணீர் கொதிக்க மாட்டேன் என்கிறது" என்று ஒரு மாணவி எழுதுகிறாள். உறுதியாகத் தெரியும் என்கிறாள். இது திரியக் கோடல். அதே விடையைக் குறித்துவிட்டு, சும்மா குறித்தேன் என்பவளுக்கு இருப்பது ஐயம், அல்லது வெறும் அறியாமை. காரணம் எதுவும் சொல்லத் தெரியாமலே உறுதி மட்டும் உச்சத்தில் இருந்தால் தேராது தெளிதல். மூன்றாவது அடுக்கு இல்லாத தேர்வில் இவர்கள் எல்லோரும் ஒரே தப்பாகத்தான் தெரிவார்கள்.

அந்த மாணவியின் விடை பாடப்புத்தகத்திலிருந்தே ஊட்டம் பெறுவதையும் சொல்ல வேண்டும். நீரின் கொதிநிலை 100 டிகிரி என்று ஆறாம் வகுப்பிலிருந்து மனப்பாடம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கீழே இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். அதனால் அங்கே நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் 93 வாக்கில், குன்னூரில் 94 வாக்கில். நீர் சீக்கிரமே கொதிக்கிறது, ஆனால் 93 டிகிரி நீரில் பருப்பு வேகத் தாமதமாகிறது. கொதிப்பதும் வேகுவதும் ஒன்றில்லை. செய்முறை வகுப்பில் தெர்மாமீட்டர் 93 காட்டும்போது "பழசு, ரிப்பேர்" என்று முடிவு செய்து ரெக்கார்டு நோட்டில் 100 என்று எழுதவைத்தால், நீலகிரியில் கிடைத்திருக்கக்கூடிய அருமையான பாடம் ஒன்று அங்கேயே போச்சு. இந்த இடத்தில் திரிபு மாணவர்களுடையது மட்டும் அல்ல.

ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வுகள் நேராக இங்கேதான் வந்து சேர்கின்றன. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986-இல், பாட அறிவும் பொதுவான கற்பித்தல் திறனும் சேர்ந்தாலே ஆசிரியர் ஆகிவிட முடியாது என்றார். ஒரு குறிப்பிட்ட பாடத்தைக் குறிப்பிட்ட பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, அவர்கள் என்ன முன்முடிவுகளோடு வருகிறார்கள் என்ற அறிவு தனி என்று சொல்லி, அதற்குப் 'பெடகாஜிகல் கன்டென்ட் நாலெட்ஜ்' என்று பெயரும் வைத்தார். பிலிப் சாட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதை எண்களில் பார்த்தது. நடுநிலை வகுப்புகளில் இயற்பொருள் அறிவியல் நடத்தும் 181 ஆசிரியர்களிடம் மாணவர்களுக்கான அதே கேள்விகளைக் கொடுத்து இரண்டு கேட்டார்கள்: சரியான விடை எது? உங்கள் மாணவர்கள் அதிகம் குறிக்கப்போகும் தப்பு விடை எது? வலுவான திரிபு உள்ள கேள்விகளில், சரியான விடை மட்டும் தெரிந்த ஆசிரியரைவிட இரண்டையும் அறிந்த ஆசிரியரின் மாணவர்கள்தான் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

நன்னூல் படித்தவர்களுக்கு இதில் ஒரு வரி நினைவுக்கு வந்திருக்கும். பாடம் சொல்லும் முறையைக் கூறும் சூத்திரத்தில் பவணந்தி முனிவர், "கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள" என்கிறார். மாணவனை அங்கே 'கொள்வோன்' என்றே அழைக்கிறார். மறுபடியும் அதே 'கொள்'. திரியக் கோடல் மாணவன் பக்கத்துப் பெயர் என்றால், கொள்வகை அறிதல் ஆசிரியர் பக்கத்துப் பெயர். ஷுல்மனின் நீண்ட ஆங்கிலத் தொடரைப் 'பாடக் கற்பித்தலியல் உள்ளடக்க அறிவு' என்றெல்லாம் முறுக்கி எழுதுவதற்குப் பதில், 'கொள்வகை அறிவு' என்றால் அதன் உயிர்நிலையாவது வந்துவிடும்.

'திரிபு'க்கு ஒரு மறுப்பும் இருக்கிறது. 'வரலாற்றுத் திரிபு' என்று சொல்லிச் சொல்லி, வேண்டுமென்றே புரட்டுவது என்ற வாடை அதற்கு ஏறிவிட்டது என்பார்கள். நியாயம்தான். ஆனால் புரட்டுவது திரித்தல். தானாக மாறுவது திரிதல். பால் திரிந்துபோவதில் யாருடைய சதியும் இல்லை. இலக்கணத்திலும் பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது திரிதல்தான். பக்கத்தில் என்ன எழுத்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒழுங்காக நடக்கும் மாற்றம் அது. பிள்ளைகளின் திரிபும் அப்படியே. ஊருக்கு ஊர் ஒரே மாதிரி, சூழலைப் பொறுத்துக் கணிக்கக்கூடிய விதத்தில் வருகிறது. பிழை என்ற சொல்லில் இந்த ஒழுங்கு தெரியாது.

நீலகிரிக்கே உரிய இன்னொரு வகை, தொழில் சொல்லால் வரும் திரிபு. தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்து பழுப்பாக மாறும் கட்டத்துக்குப் 'பெர்மென்டேஷன்' என்றுதான் பெயர். பாடத்தில் அதே சொல்லுக்கு நொதித்தல், ஈஸ்ட், கார்பன் டை ஆக்சைடு. தொழிற்சாலையில் நடப்பதோ இலையிலுள்ள நொதிகளால் நிகழும் ஆக்சிஜனேற்றம். நுண்ணுயிருக்கு அதில் வேலை இல்லை. அப்பாவோ அம்மாவோ தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளை, தேயிலையில் ஈஸ்ட் இருப்பதாக எழுதினால் அது அதனுடைய குற்றம் ஆகாது.

எழுதும்போது எதைப் போடலாம்? ஆய்வேட்டின் தலைப்பில் 'வெப்பம் பற்றிய மாணவர் திரிபுகள்' என்றே எழுதலாம். வரையறுக்கும் இடத்தில் ஒருமுறை 'திரியக் கோடல்' என்று விரித்துச் சொன்னால் போதும். ஆசிரியர்களுக்கான கையேட்டில் புரட்டு என்ற பொருள் குறுக்கிடும் என்று பயந்தால் 'திரிபுணர்வு' என்று நீட்டிக்கொள்ளலாம். கூட்டத்தில் பேச மிஸ்கன்செப்ஷனே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் டயக்னாஸ்டிக் டெஸ்டுக்கு நாம் வழங்கும் 'குறையறி சோதனை'யை, இந்த வகை வினாத்தாளுக்கு மட்டுமாவது 'திரிபறி சோதனை' என்று மாற்றிவிடலாம். அந்த வினாத்தாளில் மூன்றாவது அடுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பெயரே பொருத்தம்.