சுத்திகரிப்பா, வடிப்பா? எண்ணெய் ஆலைக்கு உரிய சொல்

இலங்கையின் ஒரே பெற்றோலிய எண்ணெய் ஆலை சப்புகஸ்கந்தவில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு முதல் அதனைச் ‘சுத்திகரிப்பு நிலையம்’ என்றே எழுதியும் பேசியும் வருகிறோம். தமிழ்நாட்டிலும் மணலி ஆலைக்கு இதே சொல்தான் வழங்குகிறது. பழகிப்போன சொல்லாயினும், அது அங்கே நடக்கும் வேலையைச் சரியாகக் காட்டவில்லை என்பதும், நாட்டில் எரிபொருளுக்கு ஏன் தட்டுப்பாடு வருகிறது என்று விளங்கிக்கொள்வதற்கே அது தடையாக நிற்கிறது என்பதும் என் கருத்து.

‘சுத்தி’ என்னும் வடசொல் தூய்மையையும், ‘கரித்தல்’ செய்தலையும் குறிக்கும். சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை, நேர்வாளம் போன்ற நச்சுச் சரக்குகளை மருந்தில் சேர்ப்பதற்கு முன் நஞ்சு நீக்குவதைச் ‘சுத்தி செய்தல்’ என்பர். விவிலிய மொழிபெயர்ப்பில் பாவமும் தீட்டும் நீங்குவது சுத்திகரிப்பு ஆயிற்று. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் இதே சொல்லை ஆள்கிறோம். இந்த எல்லா இடங்களிலும் உள்ளே வேண்டாத ஒன்று இருக்கிறது, அதை அகற்றி எறிந்தால் நல்லது மிஞ்சுகிறது. ஆங்கிலத்தின் ‘ரிஃபைனரி’ என்ற சொல்லின் வேர் வேறு. இலத்தீனில் முடிவையும் எல்லையையும் குறித்த ‘ஃபினிஸ்’ என்ற சொல்லிலிருந்து, முழுமைக்குக் கொண்டுவருதல், நயமாக்குதல் என்ற பொருளில் அது கிளைத்தது. தமிழாக்கியபோது நயம் கழன்று சுத்தம் மட்டும் தங்கிவிட்டது.

ஆலைக்குள் நடப்பது என்ன? கப்பலில் வந்த எண்ணெயிலிருந்து முதலில் உப்பை நீக்கி, உலையில் ஏறத்தாழ 350 பாகை செல்சியசு வரை சூடாக்கி, உயர்ந்த கோபுரம் ஒன்றின் அடிப்பகுதிக்குள் செலுத்துகிறார்கள். கோபுரத்தின் அடி கொதிக்கும், உச்சி குளிர்ந்திருக்கும். ஆவி மேலேறும் வழியில் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வெப்பநிலை வந்ததும் திரவமாகி, அந்த உயரத்தில் உள்ள தட்டில் தங்கும். உச்சியில் சமையல் எரிவாயு, அதன் கீழ் பெற்றோலுக்கான நாப்தா, பிறகு மண்ணெண்ணெய், பிறகு டீசல் என்று வரிசையாகப் பிரிந்துவர, அடியில் உலை எண்ணெயும் தாருக்குரிய கசடும் நிற்கும். உப்பையும் கந்தகத்தையும் நீக்கும் படிகளைத் தவிர, இங்கே அழுக்கு என்று எறியப்படுவது மிகக் குறைவு. ஒன்றாகக் கலந்திருந்த பலவற்றைப் பலவாகப் பிரித்தெடுப்பதே முதன்மையான வேலை.

இந்த வேலைக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. சோற்றைச் சரித்து மூடியின் இடுக்கு வழியே கஞ்சியைப் பிரிப்பது வடித்தல். சித்த வைத்தியர் பானையில் ஓமத்தையும் நீரையும் கொதிக்கவிட்டு, மேலே குளிர்நீர் வைத்த மூடியில் ஆவி பட்டுச் சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்குவதைத் தீநீராகப் பிடிப்பதும் வடித்தலே. அந்தக் கருவிக்கு வாலை என்று பெயர். கூராக்கப்பட்ட வேல் வடிவேல் ஆனதும் இதே வினையால். பிரித்தல், துளியாய் இறக்குதல், கூர்மையாக்குதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கும் வினை இது. ‘ரிஃபைன்’ என்ற சொல்லின் நயப்பொருளும் இதற்குள் அடங்கிவிடுகிறது. பள்ளிப் பாடநூல்கள் முன்பே ‘காய்ச்சி வடித்தல்’ என்று சரியாகத்தான் எழுதுகின்றன. ஆகவே ‘எண்ணெய் வடிப்பாலை’ என்பதே பொருத்தம் என்பேன். ‘வடிசாலை’ என்ற சொல்லை மதுபானம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால், குழப்பம் நேராதிருக்க ‘ஆலை’ என்ற ஈறு உதவும். கனமான கசடை மேலும் உடைத்து இலேசான எரிபொருளாக்கும் வேலையும் பெரிய ஆலைகளில் நடக்கிறது. அதை ‘உடைப்பு’ என்று தனியே சொல்லிக்கொள்ளலாம்.

வடிப்பதற்கு முன் உள்ள எண்ணெய்க்கு இரண்டு கரையிலும் இரண்டு பெயர்கள். தமிழ்நாட்டார் சொல்லும் ‘கச்சா எண்ணெய்’ இந்தியின் ‘கச்சா’விலிருந்து வந்தது, காய், பக்குவப்படாதது என்று பொருள். இலங்கையில் அது ‘மசகு எண்ணெய்’. மசகு என்பது வண்டி அச்சுக்கு இடும் மை. வைக்கோற்கரியும் எண்ணெயும் குழைத்த அந்தக் கருமையே பெயருக்குக் காரணமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் மசகெண்ணெய் என்றால் பொறிகளுக்கு இடும் உயவெண்ணெய் என்று கொள்வர். ஆகையால் கொழும்புச் செய்தியைச் சென்னையில் படிப்பவர் தடுமாறுவது இயல்பே. ‘பெற்றோலியம்’ என்பதன் சொற்பொருள் பாறை எண்ணெய். மண்ணிலிருந்து வருவதெல்லாவற்றுக்கும் பொருந்தியிருக்க வேண்டிய ‘மண்ணெண்ணெய்’ என்ற நல்ல பெயரை, விளக்கெரிக்க முதலில் நம் வீடுகளுக்குள் வந்த ஒரே ஒரு பகுதி தனதாக்கிக்கொண்டது.

சொல்லின் பிழை பொருளின் பிழையாவது பற்றாக்குறைக் காலத்திலேதான். சுத்தம் செய்வது என்று நினைத்தால், எந்த எண்ணெயையும் எந்த ஆலையிலும் இட்டு நல்ல எரிபொருள் எடுக்கலாம் என்றே தோன்றும். வடிப்பது என்று நினைத்தால், எதை இட்டால் எது எவ்வளவு இறங்கும் என்ற கேள்வி உடனே எழும். சப்புகஸ்கந்த ஆலை ஈரானின் இலேசான மசகு எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டது. 2012இல் ஈரான் மீதான அமெரிக்கத் தடைகள் இறுகியபோது வேறு எண்ணெய்களைத் தேட வேண்டியதாயிற்று. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் என்பது அதன் அளவு; பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 159 லீற்றர். நாட்டுத் தேவையின் ஒரு பகுதிக்கே அது போதும். மீதி, வடித்து முடித்த எரிபொருளாகவே டொலர் கொடுத்து இறக்கப்படுகிறது. இந்த அளவைக் ‘கொள்ளளவு’ என்று எழுதுவதும் பொருந்தாது, ஏனெனில் அது தாங்கியின் நினைவைத் தருகிறது. ‘வடிதிறன்’ என்றால் ஒரு நாளில் எவ்வளவு வடிக்க முடியும் என்பது விளங்கும்.

2021 நவம்பரில் டொலர் இன்மையால் ஆலை மூடப்பட்டது. பின்னர் திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 2022 மே மாதத்தில் ரஷ்ய எண்ணெயைக் கொண்டு மீண்டும் இயங்கியது. வடிப்பு நின்றால் பெற்றோலோடு மின்நிலையங்களுக்குச் செல்லும் நாப்தாவும் உலை எண்ணெயும், கடற்றொழிலாளரின் மண்ணெண்ணெயும் சேர்ந்தே நிற்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரத்தோடு கடலுக்குப் போகும் வடபகுதி மீனவர் பலருக்குப் பிடித்த மீனின் விலை எண்ணெய்ச் செலவுக்கே ஈடாகவில்லை. அந்தத் துயரத்தை ‘சுத்திகரிப்புத் தடை’ என்ற சொல்லால் விளக்கவே முடியாது. 2025 ஜனவரியில் அம்பாந்தோட்டையில் நாளுக்கு 200,000 பீப்பாய் வடிக்கும் ஆலைக்குச் சீனாவின் சினொபெக் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. ஆனால் அதன் பெரும்பகுதி ஏற்றுமதிக்கானது.

‘சுத்தம்’, ‘தூய’ என்ற சொற்களை எண்ணெயிடமிருந்து விடுவித்தால் அவற்றுக்கு உரிய இடம் காத்திருக்கிறது. ‘தூய எரிசக்தி’ என்று காற்றையும் வெயிலையும் சொல்லும்போது, புகையும் கசடும் இல்லை என்ற பொருள் நேராகவே நிற்கும். ஒரே பக்கத்தில் டீசலும் சுத்தமானது, காற்றாலையும் தூயது என்று எழுத நேராது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட மன்னார்த் தம்பபவனிக் காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்று வரை தருகின்றன. அங்கே வடிக்க எதுவும் இல்லை, எந்த நாட்டு எண்ணெய் பொருந்தும் என்ற கேள்வியும் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் டீசல் மின்பிறப்பாக்கியின் வேலையைக் காற்றும் வெயிலும் பங்கிட்டுக்கொள்வதற்கான கலப்பு மின்திட்டத்துக்கு, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அத்தீவுகளுக்கு டீசல் போய்ச் சேர்வது படகில். வாங்கும் ஒவ்வொரு லீற்றரும் எங்கோ ஓர் ஆலையில் வடிந்து, கப்பலேறி, பவுசரேறி, மீண்டும் கடல் கடந்து அங்கே போகிறது.